கோபுரத்துக்கு அழைத்துப் போகிறவள்

பள்ளிக்கூடப் பதிவில் அவளுக்கு நீளமான நல்ல பேர் ஒன்று இருக்கிறது. பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தாள் என்று யாரோ ‘சுண்டு’ என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. வளர்ந்து, பொறியியல் முடித்து, மேற்படிப்புக்கென்று வெளிநாட்டில் ஒரு பெரிய நகரத்துக்குப் போன பிறகும் உறவுக்காரர்கள் வாயில் அவள் சுண்டுதான். அந்தப் பேரில் அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. சுண்டுவிடம் எதையும் கேட்கலாம். சுண்டு மாட்டேன் என்று சொல்லமாட்டாள்.

ஊருக்கெல்லாம் குடிதண்ணீரை எப்படிச் சுத்தமாக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் அவள் படிப்பு. ஆய்வுக்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய்களில் மணலை நிரப்பி, மேலே கலங்கல் தண்ணீரை விட்டு, கீழே வடிவதைப் பிடித்து அளக்க வேண்டும். மணல் அடைத்துக்கொண்டால் வெளியே எடுத்துக் கழுவி மறுபடி நிரப்ப வேண்டும். அடைத்துக்கொள்ளாத வாரமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஊரிலிருந்து ஆள் வந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தவர் அப்பாவின் சிநேகிதர். அலுவலக வேலையாக வந்தவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தது. நகரத்தின் நடுவில் ஓர் உயரமான கோபுரம் உண்டு. மின்தூக்கியில் உச்சிக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரியும். சுண்டு அவரை அங்கே அழைத்துப் போனாள். வந்து சேர்ந்த புதிது, அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அடுத்து, புதிதாகக் கல்யாணமான பெரியப்பா மகனும் அண்ணியும். அப்புறம் சித்தியின் பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்களை அதுவரை சுண்டு பார்த்ததுகூட இல்லை. அப்புறம் அப்பாவின் அத்தை பேரன். எல்லாருக்கும் கோபுரம்தான் வேண்டும். எல்லாரும் உச்சியில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்கள். கடைசியில், “நீயும் வா சுண்டு” என்று ஓர் ஓரமாக இழுத்து நிறுத்தி ஒன்று எடுத்துக் குடும்பத்துக் குழுவில் போட்டார்கள்.

வினை அந்தப் போட்டோவில் இருந்தது. மாதா மாதம் கோபுரத்து உச்சியில், காற்றில் தலைமுடி பறக்க, அதே சாம்பல் நிறக் கோட்டில் சுண்டு நின்றாள். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? ‘சுண்டு ஜாலியா சுத்துது’ என்று ஒரு மாமி எழுதினாள். ‘படிப்பு எப்ப?’ என்று ஒரு சித்தப்பா கேட்டார். ‘அந்தக் கோட்டைத் துவைக்கவே மாட்டியா?’ என்று கேட்டது யார் என்று நினைவில்லை. அம்மா இதையெல்லாம் ஒன்று விடாமல் படித்துவிட்டு, “கொஞ்சம் அடக்கி வாசிடி, கண்ணு படும்” என்பாள்.

சுண்டு பார்க்க ஆசைப்பட்ட இடம் வேறு. அந்த நகரத்தின் மேற்கு ஓரத்தில், ஆற்றங்கரையில் ஒரு பழைய தண்ணீர் இறைக்கும் நிலையம் இருந்தது. ஒரு காலத்தில் ஆற்றுத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி நகரம் முழுவதற்கும் கொடுத்த நீராவி இயந்திரம் அங்கே இருந்தது. மூன்று மாடி உயரம். யானை படுத்தது மாதிரி ஒரு சக்கரம். சுற்றிலும் கல்யாண மண்டபம் போலப் பூவேலை செய்த இரும்புத் தூண்கள். கல்லூரியில் இரண்டாம் வருடப் பாடப்புத்தகத்தில் அதன் படத்தைப் பார்த்த நாளிலிருந்தே அவளுக்கு அதன்மேல் ஒரு கண். இந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் கொதிகலனை மூட்டி அந்த இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. குளிர்காலம் முழுக்கவும் பூட்டு. வந்ததிலிருந்து ஒவ்வொரு முதல் ஞாயிறும் யாராவது ஒருவரோடு கோபுரத்தடி வரிசையில்தான் அவளுக்குக் கழிந்தது. இன்னும் ஒரே ஒரு முதல் ஞாயிறுதான் பாக்கி. அது போனால் குளிர்காலம். கதவு மறுபடி திறப்பதற்குள் அவள் படிப்பே முடிந்துவிடும்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் அம்மா போன் செய்தாள். “மாமாவும் அத்தையும் வராங்கடி. ஒரு வாரம். ஞாயித்துக்கிழமை உன்னோடதான் இருப்பாங்க.”

“அம்மா, அந்த ஞாயிறு மட்டும் எனக்கு வேலை இருக்கு.”

“மாமா பேசலன்னா உங்கப்பா உன்னை அனுப்பியிருப்பாரா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு.”

சுண்டு நெஞ்சைத் தொடவில்லை. போனை வைத்துவிட்டுத் தலையணையைத் தொட்டு ஒரு குத்து விட்டாள். அறையில் உடன் தங்கியிருந்த பெண், இயன்முறை மருத்துவம் படிப்பவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“யாரு, அடுத்த பார்ட்டியா? பேசாம கோபுரத்துக்காரங்ககிட்ட ஒரு வேலை கேளேன். யூனிஃபார்மாவது குடுப்பாங்க.”

மாமா நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. முப்பது வருடமாகப் பம்புசெட்டுக் கடை வைத்து, கை நீட்டி எல்லாருக்கும் உதவி செய்து, அதனாலேயே வீட்டில் யாரும் அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை விடுதி வாசலில் அவரும் அத்தையும் வந்து நின்றார்கள். மாமா கழுத்தில் புதுக் கேமரா. அத்தை காலில் புதுச் செருப்பு. நடக்கும்போதே அது கடிக்கிறது என்று தெரிந்தது.

சுண்டு இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டாள். “மாமா, காலையில கோபுரம் பாத்துடலாம். மத்தியானம் இன்னொரு இடம் இருக்கு. பெரிய பம்ப்பு மாமா. நீராவியில ஓடறது. உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.”

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பம்ப்பா?”

“ஆமா மாமா. மூணு மாடி உயரம்.”

“நான் பொழுது விடிஞ்சா பம்ப்பு, பொழுது போனா பம்ப்புன்னு கிடக்கறேன். அதைப் பாக்கவா கடல் தாண்டி வந்தேன்?” என்று சிரித்தார். அத்தையும் சிரித்தாள். சுண்டுவும் சிரித்து வைத்தாள். “சரி சரி, நேரம் இருந்தா பாப்போம்” என்றார் மாமா.

கோபுரத்தடியில் வரிசை தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பியிருந்தது. நகர்ந்து நகர்ந்து பாதி தூரம் வந்தபோது மின்தூக்கி பழுதாகிவிட்டது. சீருடைக்காரர் ஒருவர் வந்து, ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், எப்போது சரியாகும் என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். முன்னால் நின்றவர்களில் பலர் கலைந்தார்கள். மாமாவுக்கு அது வசதியாகப் போயிற்று. “பாத்தியா, நம்ம முன்னாடி வந்துட்டோம்” என்றார்.

“மாமா, எப்ப சரியாகும்னு தெரியாது. அந்தப் பக்கம் போயிட்டு சாயங்காலம் வரலாமே.”

“இவ்வளவு நேரம் நின்னது வீணா? இரு இரு.”

நின்றார்கள். அத்தை ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றாள். மாமா வரிசையையும் கோபுரத்தையும் போட்டோ எடுத்தார். சுண்டுவின் தோளைப் பிடித்துத் திருப்பி, “சிரி” என்று அவளையும் எடுத்துக் குழுவில் போட்டார். நடு மத்தியானம் தாண்டியது. இயந்திரத்தை மூன்று மணியோடு நிறுத்திவிடுவார்கள். மேற்கு ஓரத்துக்குப் போக ரயிலில் முக்கால் மணியாவது வேண்டும். சுண்டு கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று நினைத்து நினைத்தே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அம்மா போன் செய்தாள்.

“என்னடி, மறுபடி அதே கோட்டா? சித்தப்பா கேக்கறாரு, இவ படிக்கப் போனாளா சுத்தப் போனாளான்னு. எனக்கு மானமே போகுது. மாசா மாசம் அங்க என்னதான்டி இருக்கு உனக்கு?”

இத்தனை நாள் எதை எதையோ விழுங்கியவளுக்கு இந்த ஒன்று தொண்டையில் நின்றுவிட்டது.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா இங்க. எனக்கு இந்தக் கோபுரத்தைப் பாத்தாலே எரியுது. நீ அனுப்பற ஆளையெல்லாம் கூட்டிட்டு வந்து கூட்டிட்டு வந்து என் ஞாயித்துக்கிழமையெல்லாம் இந்த வரிசையிலயே போச்சு. எனக்குன்னு ஒரு இடம் பாக்கணும்னு ஆசை, ஒரே ஒரு இடம், அதுக்கு இன்னிக்கு விட்டா வழியில்ல. இதுல சுத்தறேன்னு பேரு வேற.”

சொல்லி முடித்துத் திரும்பினாள். மாமா கேமராவைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். முன்னாலும் பின்னாலும் நின்றவர்களுக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்த மாதிரி வேறு பக்கம் பார்த்தார்கள்.

“அப்ப நாங்க வந்தது உனக்கு இடைஞ்சல்” என்றார் மாமா. குரல் உயரவில்லை.

“அப்படி இல்ல மாமா...”

“இல்லம்மா. நீயே சொன்னதுதானே. கேட்டுட்டேன்.”

அத்தை குறுக்கே வந்தாள். “ஏங்க, சின்னப் பொண்ணு, ஏதோ ஆசைப்படறா. சுண்டு, நீ போயிட்டு வா. நாங்க எங்கயும் ஓடிப்போக மாட்டோம். இங்கயேதான் நிப்போம்.”

மாமா கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டு அங்கேயே நின்றுவிடுவதா, போவதா என்று சுண்டு தவித்தாள். கால்கள் முடிவெடுத்துவிட்டன. “சீக்கிரம் வந்துடறேன் மாமா” என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் ஓடினாள்.

தண்ணீர் இறைக்கும் நிலையத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனபோது சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கடைசிச் சுற்றுகள். அந்த நீளமான இரும்புத் தண்டு ஒரு தடவை மேலே போய், அரை மனதாகக் கீழே வந்து, பெருமூச்சு விடுகிற மாதிரி ஆவியை விட்டுவிட்டு நின்றது. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டிவிட்டு வெளியே கிளம்பியது. கரித்துணியால் பித்தளையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள், இன்னும் கால் மணி நேரம் நின்று பார்க்கலாம், அப்புறம் பூட்டிவிடுவோம் என்றார்.

எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த வாசனை. தூண்களில் படத்தில் பார்த்த அதே பூவேலை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருட ஆசை. ஆனால் கண் ஒரு பக்கம் பார்க்க மனம் வேறு பக்கம் ஓடியது. மின்தூக்கி சரியாகியிருக்குமா? அத்தை கால் என்ன ஆயிற்றோ? மாமாவுக்கு அந்த ஊர் பாஷை சரியாக வராது. டிக்கெட்டைக் கேட்டால் என்ன சொல்லுவார்? அம்மா இந்நேரம் அப்பாவிடம் என்ன சொல்லிக்கொண்டிருப்பாள்? தண்ணீர் எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்கும் என்று பாடத்தில் படித்ததை நேரில் ஒத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். குழாய் எங்கே தொடங்குகிறது என்பதைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கால் மணி முடிவதற்குள் அவளாகவே வெளியே வந்துவிட்டாள். வந்து தெருவில் நின்றபோது, இதற்கா இவ்வளவும் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இயந்திரத்தின்மேல் கோபமில்லை. வேறு யார்மேல் என்று பிரித்துச் சொல்லவும் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது கோபுரத்தடியில் வரிசை விறுவிறுவென்று நகர்ந்துகொண்டிருந்தது. மாமாவும் அத்தையும் வரிசையில் இல்லை. எதிரே ஒரு பெஞ்சில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மாமா கொஞ்சம் தள்ளி நின்றார்.

“மேல போய்ட்டு வந்துட்டீங்களா அத்தை?”

“எங்க போறது? நீ போன கொஞ்ச நேரத்துல லிஃப்ட் சரியாயிடுச்சு. வாங்க போலாம்னேன். அவ வரட்டும்னாரு. எங்க முறை வந்ததும், அவ இல்லாம என்ன போறதுன்னு வெளிய வந்துட்டாரு.” அத்தை குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு உயரம்னாலே மயக்கம் வரும். வேண்டாம்னு வீட்டுலயே சொன்னேன். யாரு கேட்டா?”

“மாமா, இப்பவே போலாம் மாமா. கூட்டம் கம்மியா இருக்கு.”

“வேண்டாம்மா. போட்டோவுலதான் மாசா மாசம் பாக்கறோமே” என்றார் மாமா.

அவர் குத்திக் காட்டினாரா, மனது விட்டுப்போய்ச் சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பும் வழியெல்லாம் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்குக் கிளம்பும்வரை, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. விமான நிலையத்தில் அவள் தலையில் கை வைத்து, “நல்லா படி” என்றார். அதுவும் வழக்கமாகச் சொல்வதுதான்.

ஊரில் செய்தி அவருக்கு முன்னாலேயே போய்விட்டது. சுண்டுவுக்கு வாய் வந்துவிட்டது, வெளிநாட்டுத் தண்ணி அப்படி என்று பேசிக்கொண்டார்கள். அம்மா ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது சுண்டு முந்திக்கொண்டாள்.

“அம்மா, இனிமே யாரு வந்தாலும் ரயில் எப்படி, எந்த வாசல்னு எல்லாம் எழுதி அனுப்பிடறேன். அவங்களே போய்க்கட்டும். நான் வரமாட்டேன். மாமா எதிர்ல நான் அப்படிப் பேசினது தப்பு, அதுக்கு அவர்கிட்டயே மன்னிப்புக் கேட்டுட்டேன். ஆனா இது இதுதான்.”

“மாமா என்ன சொன்னாரு?”

“பரவால்லன்னாரு.”

“அவரு எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்லுவாரு. அடுத்த மாசம் சித்தப்பா குடும்பம் வருது. அவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?”

“வேலை இருக்குன்னு சொல்லு.”

“ஞாயித்துக்கிழமை என்ன வேலைன்னு கேப்பாங்க. உனக்குப் பரீட்சைன்னு சொல்லிடறேன்.”

“பரீட்சை இல்லம்மா.”

“பரீட்சைன்னாதான்டி அவங்களுக்குப் புரியும்.”

சுண்டு அதற்கு மேல் வாதாடவில்லை. சித்தப்பா குடும்பம் தானாகவே கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் போனது. வாசல் தவறி இரண்டு தெரு சுற்றியதற்கு அவள் எழுதி அனுப்பியதுதான் காரணம் என்றும் சொன்னது. அதன் பிறகு படிப்பு முடிகிறவரை உறவுக்காரர்கள் கணக்கில் அவளுக்கு ஞாயிறு தவறாமல் பரீட்சை நடந்தது. இத்தனை எழுதியும் அந்தப் பெண் இன்னும் தேறவில்லையா என்று ஒரு கல்யாண வீட்டில் யாரோ அம்மாவிடம் விசாரித்தார்களாம்.