பஸ்ஸில் கிடைத்த பெரியம்மா

லேப்பில் எத்தனையோ வினை பார்த்தவள், இன்று பஸ்ஸில் வினையை விலைக்கு வாங்கிவிட்டேன். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன்.

பக்கத்து சீட்டு அம்மா என் லேப் கோட்டைப் பார்த்து, "என்ன கண்ணு படிக்கறே?" என்றார்.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிங்க, கடைசி வருசம்."

"எம்பட பையனுக்குப் பொண்ணு பாக்கறோம். நீங்க எந்தக் கூட்டம்?"

ஒரே கூட்டம், அதாவது ஒரே குலம், என்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணப் பேச்சே எழாது. அதனால் முந்திக்கொண்டு அவர்கள் கூட்டத்தைக் கேட்டேன். சொன்னார்.

"அட, நாங்களும் அதேதானுங்க!" கூசாமல் புளுகினேன்.

பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நா உனக்குப் பெரியம்மா. மேல என்ன படிக்கப்போறே?"

என் சிரிப்பு நின்றது. காலேஜில் எம்.எஸ்சி. லேப் மாடியில் இருக்கிறது. ஏதாவது சாக்குச் சொல்லிப் போய் அதன் வாசலில் நிற்பேன். உள்ளே போக எனக்கு வேலை இல்லை.

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்க ஆசைங்க. அப்பாதான் போதும்ங்கறாரு."

"நம்ம கூட்டத்துப் புள்ள படிக்காமயா? ஞாயித்துக்கெழம நானே வந்து அவருகிட்டப் பேசறேன். ஊட்டு அட்ரஸ் சொல்லு."

எனக்காக அப்பாவிடம் பேசுகிறேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. அட்ரஸைச் சரியாகவே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவைப் பெரியம்மாவின் கூட்டத்துக்கு மாற்ற வழி தெரிந்தவர்கள் உடனே பதில் போடவும்.