ஓடாத வண்டியும் நான் சொன்ன சாட்சியும்

சில வருடங்களுக்கு முன்பு, தீபாவளி சீசன் சூடுபிடிக்கும் ஆவணி மாதத்தில் நடந்தது இது. சிவகாசியை ஒட்டியுள்ள நாரணாபுரத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். என்னிடம் இருப்பது ஒரு பழைய லோடு வண்டி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. விருதுநகரில் அட்டைப்பெட்டி ஏற்றி, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கொண்டுவந்து இறக்குவேன். அதே கம்பெனியில்தான் என் மனைவியும் தரைச்சக்கரம் சுற்றும் வேலைக்குப் போகிறாள். அந்த ஓட்டமும் அவள் கூலியும்தான் எங்கள் வீடு.

வண்டி ஆயில் குடிக்க ஆரம்பித்து, பின்னால் நீலமாகப் புகை கக்கியது. மெக்கானிக் தம்பி எங்கள் சர்ச் சபைக்காரன்தான். "இன்ஜினை இறக்கித்தான் ஆகணும் அண்ணாச்சி" என்றான். இறக்கினோம். சிலிண்டரைக் குடைந்து போர் அடித்து, பிஸ்டன், ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு ஏற்றினான். நானும் நிம்மதியாக முதல் லோடுக்குப் போனேன்.

அன்றுதான் என் கண்ணீர் தொடங்கியது. நின்ற இடத்தில் வண்டி நன்றாகத்தான் உறுமியது. லோடு ஏற்றி இரண்டாவது கியரைத் தாண்டியதும், யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல மூச்சுத் திணறியது. வழியிலுள்ள மேம்பாலம் ஏற முடியவில்லை. இப்போது கரும்புகை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. பழைய இன்ஜினே தேவலை என்று ஆகிவிட்டது.

மறுபடியும் பட்டறை. டீசல் பில்டரை மாற்றினான். ஏர் பில்டரை மாற்றினான். டீசல் லைனில் காற்று பிடித்திருக்கும் என்று ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திப் பார்த்தான். டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி விருதுநகரில் டீசல் பம்பு வேலை பார்ப்பவரிடம் கொடுத்து வாங்கி வந்தோம். டைமிங்கைப் பிரித்து மறுபடி வைத்தான். கடைசியில் மனது கேட்காமல் இன்ஜின் தலையையே திறந்து பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்ததுதான் எங்களைக் கொன்றது. ஒரு கோளாறு கண்ணில் பட்டால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழலாம்.

டீக்கடையில் மற்ற டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்கள். "என்ன அண்ணாச்சி, இன்ஜினை மாத்தினீகளா, இல்ல உள்ள மாட்டைக் கட்டி வச்சிருக்கீகளா?" என்பார் ஒருவர். "மாடுன்னா இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்லே" என்பார் இன்னொருவர். நானும் சிரித்து வைப்பேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். இருந்தாலும் சீசன். "இந்த வாரத்துக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா வேற வண்டியப் போட்டுருவேன், வருத்தப்படாதீக" என்றார். ஒருமுறை கைமாறிய ஓட்டம் திரும்ப வராது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று பட்டறையில், தம்பி முன்னால் வெட்கத்தை விட்டு அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி என் கையைப் பிடித்து ஜெபிக்க அழைத்தாள். இருவரும் முழங்காலில் நின்றோம். "ஆண்டவரே, அந்த வண்டியத் தொட்டுக் குடும்" என்று அவள் ஜெபித்தாள். நான் ஆமென் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் தம்பி போன் செய்தான். "அண்ணாச்சி, வாங்க. கண்டுபிடிச்சாச்சு!"

சைலன்சரின் முனையில் ஒரு இரும்பு உருளை இருக்கும். அரஸ்டர் என்போம். இன்ஜினிலிருந்து வரும் தீப்பொறி வெளியே தெறிக்காமல் அது உள்ளேயே பிடித்து அணைத்துவிடும். அது இல்லாமல் எந்த வண்டியும் பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தாண்ட முடியாது. கேட்டில் வாட்ச்மேன் குனிந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். அதில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் ரத்தத்தில் ஊறிய விஷயம். அதனால் வண்டியில் எல்லாவற்றையும் கழற்றிய நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. பழைய இன்ஜின் கக்கிய ஆயிலும் கரியும் அதற்குள் போய் அடைத்துக்கொண்டு, புது இன்ஜினை மூச்சுவிட முடியாமல் செய்திருக்கிறது.

"சுத்தம் பண்ணிட்டேன் அண்ணாச்சி. ஓட்டிப் பாருங்க" என்றான். ஓட்டினேன். மேம்பாலத்தில் வண்டி புதுசுபோல ஏறியது. இறங்கி வந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஓட்டம் நிலைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல நேரம் கொடுத்தார்கள். நான் கூச்ச சுபாவம் உள்ளவன். இருந்தாலும் எழுந்து நின்று, "கைவிடப்பட்ட என் வண்டியைக் கர்த்தரே சரிசெய்தார்" என்று சொன்னேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் ஒரு சாயங்காலம். மழை மேகம் கவிந்து, வேளைக்கு முன்பே இருட்டிவிட்டது. விருதுநகரிலிருந்து நிறை லோடோடு மேம்பாலம் ஏறி இறங்கினேன். பின்னால் பைக்கில் வந்த ஒரு பாய், ஹாரன் அடித்துக்கொண்டே முந்தி வந்து கையைக் காட்டி நிறுத்தினார். பின்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, சீசன்னா ரோட்டுலயேவா மத்தாப்பு விடுவீக? உங்க குழாயிலேர்ந்து பொறி பறக்குது. வீட்டுக்காரம்மா துப்பட்டாவப் பாருங்க."

அந்தம்மா துப்பட்டாவை விரித்துக் காட்டினார். ஒரு சிறிய ஓட்டை, ஓரம் கருகியிருந்தது. "பரவாயில்ல, பார்த்துப் போகச் சொல்லுங்க. பின்னாடி அட்டைப்பெட்டி வேற வச்சிருக்காக" என்றார் கணவரிடம். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

அவர்கள் போனதும் செல்போன் வெளிச்சத்தை அரஸ்டருக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் குழாய். வெளியே பார்த்தால் பெயிண்ட் அடித்து அப்படியே இருந்தது.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"அடைச்சது சுத்தமாகல, புது அரஸ்டர் வர நாளாகும்னு கடைக்காரன் சொல்லிட்டான் அண்ணாச்சி. நீங்க வேற அழுதீக. அதான் உள்ள இருந்த தகட்டை வெட்டி எடுத்துட்டேன். வெளியிலேர்ந்து பார்த்தா ஒருத்தனுக்கும் தெரியாது."

"ஏலே, அந்தக் குழாயோடதானே நான் கம்பெனிக்குள்ள போறேன்!"

"அட்டைப்பெட்டிதானே இறக்குறீக, வெடிமருந்தா இறக்குறீக? உங்களுக்கு மட்டுமா செஞ்சேன்? இந்த சீசன்ல எம்புட்டு வண்டிக்கு வெட்டி விட்டிருக்கேன்."

அதைக் கேட்டதும் அந்த ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெட்டி இறக்கும் குடோனுக்கு நேர் எதிரேதான் சக்கரம் சுற்றும் ஷெட். இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பும்போது, வாசலில் உட்கார்ந்திருக்கும் என் மனைவி மருந்து படிந்த கையைத் தூக்கிக் காட்டுவாள். நானும் சந்தோஷத்தில் ஆக்சிலேட்டரை ஒரு மிதி கூடுதலாக மிதிப்பேன். இதற்காகவா நான் சபையில் எழுந்து நின்று நன்றி சொன்னேன்?

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "புதுசு மாட்டிட்டுச் சும்மா இருந்துரலாம்ல? சொன்னா ஓட்டம் போயிருமே" என்றாள்.

"மத்த வண்டிக?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அப்ப போய்ச் சொல்லுங்க" என்றாள்.

காலையில் வண்டியைக் கேட்டுக்கு வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டு, நடந்துபோய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்களா வந்து சொன்னீக, சரி. ஆனா இத்தனை நாள் அந்தக் குழாயோட உள்ள வந்திருக்கீகளே. இனிமே உங்க வண்டிய உள்ள விட்டா முதலாளிக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?" என்றார். என் ஓட்டம் அதோடு போயிற்று. அன்று வந்த வண்டிகளையெல்லாம் வெளியே நிறுத்தி, ஒவ்வொன்றாக அரஸ்டரைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே தகடு இல்லாமல் பல வண்டிகள் திரும்பிப் போயின.

தம்பி பட்டறையைச் சாத்திவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். என் கண்ணீரைத் துடைக்கத்தானே அவன் அதைச் செய்தான் என்று நினைக்கும்போது இன்றும் நெஞ்சு வலிக்கிறது. டீக்கடையில் டிரைவர்கள் என்னிடம் பேசுவதில்லை. "சாட்சிக்காரர் வாராரு, வாயைப் பொத்துங்கலே" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள் என்று சொல்ல நினைப்பேன். சொன்னதில்லை.

புது அரஸ்டர் மாட்டியபின் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அருமையாக ஓடுகிறது, ஓட்டம்தான் இல்லை. என்றைக்காவது செங்கல், என்றைக்காவது வெங்காயம். பல நாள் வாசலிலேயே நிற்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் முன்புபோல இதைத் தாரும், அதைத் தாரும் என்று கேட்க நாக்கு எழுவதில்லை. என்ன கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சாயங்காலம் மனைவியை அழைத்துவர சைக்கிளில் போகிறேன். கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். வேலை விட்டதும் பெண்கள் கை கழுவிவிட்டு, தூக்குச்சட்டியை ஆட்டிக்கொண்டு, எதையோ பேசிச் சிரித்தபடி வெளியே வருவார்கள். அவள் முகம் கண்ணில் படும்வரைக்கும் என் உயிர் என்னிடம் இருப்பதில்லை. என் வண்டியை நினைத்து நான் அழுது, பிறகு சாட்சியும் சொன்ன அந்த நாட்களிலெல்லாம், வெட்டிய குழாய்களோடு வண்டிகள் உள்ளே போய்வர, நான் ஒருமுறைகூட ஜெபத்தில் கேட்காத இந்தப் பெண்களின் உயிரைக் கர்த்தர் காத்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்க, நன்றி சொல்வதா வெட்கப்படுவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.