கொடுக்கிற வீட்டுப் பிள்ளை

புதுப்பட்டினம் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட ஆரம்பித்தபோது, அதைத் தின்னக்கூடாத பிள்ளை நான் ஒருத்திதான். சர்க்கார் ஒரு பங்கு தரும், மீதியை ஊர் தர வேண்டும் என்று ஏற்பாடு. எங்கள் தெருவில் உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்கு ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்கள். அதைச் சேர்த்து வாங்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுப்பது, மளிகைக்கடை வைத்திருந்த என் தகப்பனாரின் பொறுப்பு. ஊரிடம் வாங்கிக் கொடுக்கிற வீட்டுப் பிள்ளை பந்தியில் உட்காரக் கூடாது என்பது அத்தா போட்ட சட்டம்.

மற்றவர்கள் அலுமினியத் தட்டோடு வேப்பமரத்தடியில் உட்காரும்போது நான் வீட்டுக்கு நடப்பேன். பூசணிக்காய் சாம்பார் வாசனை தெருமுனை வரை கூடவே வரும். அநியாயம் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த மழைக்காலத்தில் புயல் அடித்துக் குப்பத்தில் பாதி வலை போயிற்று. மீன்காரர்கள் கையில் காசில்லை. அத்தா கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார். மதியம் எனக்கு மட்டும் ஒரு தட்டுச் சோறு மூடியிருக்கும். கேட்டால், "நான் அப்பவே துன்ட்டேன்" என்பாள் அம்மா. பானை கழுவிக் கவிழ்த்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிடி அரிசி ஒருநாளும் தவறியதில்லை.

ஆசை யாரை விட்டது? ஒருநாள் சிநேகிதியின் தட்டில் பங்குக்கு உட்கார்ந்தேன். ருசி கண்ட பூனைக்கு மறுநாள் தனித்தட்டு. வீட்டுக்குப் போய்ப் பசிக்கவில்லை என்றேன். அம்மா என் கையை இழுத்து முகர்ந்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நெசமா பசிக்கலியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேகவேகமாகச் சாப்பிட்டாள். தினமும் இப்படியே நடந்தது. அம்மா கண்டுகொள்ளாமல் விட்டதில் எனக்கு ஒரே குஷி.

அத்தா அரிசி மூட்டையோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளில் அகப்பட்டேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரைக் கேட்டு வாங்கிக் குடுக்கறவன் நானு. என் பொண்ணே தட்டை ஏந்திகினு குந்திகினு இருந்தா, அப்பாலே எவன் குடுப்பான்?"

"கொயந்தைதானே. துன்னா இன்னா இப்போ?" என்றாள் அம்மா, எப்போதும் இல்லாத மெதுவான குரலில்.

"ஏன், நம்ம வூட்ல சோறு இல்லியா?"

 வாய்க்கு வாய் பேசுகிற அம்மா ஏன் பேசாமல் அந்தப் பிடி அரிசிப் பானையையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்பது புரிய, நானே ஒரு குடும்பத்துக்கு உலை வைக்க வேண்டியிருந்தது. 

மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்தேன். அத்தா சொல் தட்டாத நல்ல பெண்ணாக, தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, போதுமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன்.