தங்கச்சிக்கு நிரப்பிய படிவம்

என் தங்கச்சியிடம் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருக்கிறது, என்னிடம் இல்லை. கதை இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் என் வயிற்றெரிச்சல் ஆறாது.

அந்தப் பாஸ்போர்ட் எனக்கு வந்திருக்க வேண்டியது. புதுச்சேரியில் சொல்தா வீடு என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் படையில் இருந்திருப்பார், குடும்பமே பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்கும். அப்படி ஒரு வீட்டிலிருந்து முதலில் என்னைத்தான் பெண் கேட்டு வந்தார்கள். பெரிய பையனுக்குப் பாரிஸ் பக்கம் வேலை. எனக்கோ லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் அப்போதுதான் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. குளிர் தேசத்துக்குப் போய் யாரோடும் பேசாமல் கிடக்க என்னால் ஆகாது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். அப்பா மனசு இளகி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று வருஷம் கழித்து அதே வீட்டின் சின்னப் பையனுக்குத் தங்கச்சியைக் கேட்டார்கள். அவள் அழவில்லை.

முப்பது வருஷம் அங்கே இருந்துவிட்டு இப்போது புருஷனோடு திரும்பி வந்து, கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வாங்கி இருக்கிறாள். சனிக்கிழமை சனிக்கிழமை நீட்டு ரொட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருவாள். எதைச் சொன்னாலும் "போன், போன்" என்பாள், பிரெஞ்சில் சரி சரி என்று அர்த்தமாம். என்னைவிட நான்கு வயதுதான் சின்னவள், பார்க்கிறவர்கள் பத்து வயது வித்தியாசம் சொல்வார்கள். அவளுக்கு மூட்டுவலி கூடக் கிடையாது. என் எதிரிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்காருவாள்.

ஆனால் அமெரிக்க விசா என்று வந்தால் எங்கள் பக்கத்தில் நான்தான் ராணி. ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் அது. பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிற அப்பா அம்மாக்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். புகைப்படத்தில் கண்ணாடி போடக்கூடாது, காது தெரிய வேண்டும், படிவத்தை இருபது நிமிஷம் தொடாமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், தேதி இருக்கிறதா என்று அடிக்கடி உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கையே மூன்று நாள் முடக்கிவிடுவார்கள், இதெல்லாம் எனக்கு அத்துப்படி. நேற்று இருந்த விதி இன்று இருக்காது என்பதால், காலையில் காபி குடிக்கும்போதே என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துவிடுவேன். தங்கச்சிக்கு இதில் ஒரு எழுத்தும் தெரியாது. அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

போன வருஷத்துக்கு முந்தைய கார்த்திகையில், நியூஜெர்சியில் இருக்கும் என் மகள் முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். தலைப் பிரசவம். இங்கே வந்து பெற்றுக்கொள்ள வழியில்லை. மாப்பிள்ளையின் வேலை விசா புதுப்பிக்கும் நிலையில் இருந்தது, ஊருக்கு வந்தால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று பயம். அவரை விட்டுவிட்டுத் தனியாக வர இவளுக்கு மனசில்லை. மாப்பிள்ளைக்குத் தாயும் கிடையாது. ஆக, நான் போனால்தான் உண்டு.

எனக்குக் கவலையே இல்லை. கணவரின் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போக எடுத்த பத்து வருஷ விசா ஒன்று என்னிடம் இருந்தது, காலாவதியாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. காலாவதியாகி நான்கு வருஷத்துக்குள் என்றால் நேர்காணலே கிடையாது, சென்னையில் கொண்டுபோய்ப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். படிவத்தை அன்றைக்கே நிரப்பியிருக்கலாம். ஆனால் நாலு நாளில் மார்கழி பிறக்கப் போகிறது. மார்கழியில் யாராவது பிரசவக் காரியம் தொடங்குவார்களா? தை பிறக்கட்டும் என்றேன். தை பிறந்தது, பொங்கல் போனது, தேய்பிறை வந்தது. வளர்பிறை வரட்டும் என்றேன். கடைசியில் வளர்பிறையில் ஒரு வெள்ளிக்கிழமை, குளித்து விளக்கேற்றிவிட்டுப் படிவத்தை அனுப்பினேன். பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாசியில் தேதி கிடைத்தது.

அந்த மாசியில்தான் விதியை மாற்றினார்கள். நான்கு வருஷம் என்பது ஒரே வருஷமாகிவிட்டது. அதற்குமேல் போனவர்கள் எல்லாரும் நேர்காணலுக்கு வர வேண்டும். என் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் காபி குடிக்கும்போது அதைப் படித்தேன். ஏற்கெனவே தேதி வாங்கியவர்களை விட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விடியற்காலை பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் பழைய விசாவின் தேதியைப் பார்த்தாள், அவ்வளவுதான். "உங்களுக்கு இன்டர்வியூ இருக்கு மேடம்" என்று பாஸ்போர்ட்டைத் தள்ளிவிட்டாள். நேர்காணலுக்குத் தேதி பார்த்தால் அடுத்த வருஷத்தில்தான் இருந்தது. பிரசவம் ஆடியில். தெருவுக்கே விதி சொன்னவள் மார்கழி பார்த்து மாட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக ஒரு சண்டையாவது போட்டிருப்பேன்.

அதன் பிறகு நாளுக்கு நாலு தரம் தேதி தேடினேன். இரண்டு தரம் கணக்கை முடக்கினார்கள். வைகாசி முடிகிற நேரத்தில் மகள் போனில் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நீ கோச்சிக்காத. சித்திய வரச் சொல்லட்டுமா? அவங்களுக்கு விசாவே வேணாமாமே."

"வரச் சொல்லு, அதுக்கென்ன" என்றேன். போனை வைத்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தும்போது அவள் கையைப் பிடிக்கப் போகிறவள் தங்கச்சி. குழந்தையை முதலில் வாங்கப் போகிறவளும் அவள்தான். எனக்கு வந்த இடத்தில் அவள் வாழ்ந்தாள், போகட்டும். இதுவுமா?

பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு எஸ்டா என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் நிரப்பி அனுப்பினால், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அனுமதி வந்துவிடும். நேர்காணலும் கிடையாது, சென்னையும் கிடையாது. அந்தச் சனிக்கிழமை தங்கச்சி பாஸ்போர்ட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு இதெல்லாம் வராது. நீயே போட்டுக் குடுத்துடு. நீ பாத்தா சரியா இருக்கும்."

ஒவ்வொரு கேள்வியாகப் படித்து, அவள் சொல்லச் சொல்ல நிரப்பினேன். அந்தப் பாஸ்போர்ட்டை அன்றுதான் முதல்முறையாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். அட்டை வழவழவென்று இருந்தது. பதில் மெயில் வர என்னுடைய முகவரியையே கொடுத்தேன். எல்லாம் முடிந்து, அனுப்பும் பொத்தான் மட்டும் பாக்கி. அதை அழுத்தாமல் கம்ப்யூட்டரை மூடினேன்.

"போட்டாச்சு" என்றேன். "எவ்ளோ நாள் ஆவும்னு சொல்ல முடியாது. இப்பல்லாம் ரொம்ப மாத்திட்டாங்க. அது வந்தப்புறம் டிக்கெட் போடு."

"போன்" என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியை நறுக்கப் போனாள்.

ஏதோ திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. அந்த நொடியில் விரல் வரவில்லை, அவ்வளவுதான். நாளைக்கு அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன். மறுநாள், என் கணக்கில் ஏதாவது தேதி விழுந்தால் நானே போய்விடலாமே என்று தோன்றியது. பிரசவத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறதே என்று சமாதானம் வேறு. அவள் தினமும் போன் செய்து, "வந்துச்சாக்கா?" என்பாள். "இன்னும் இல்ல" என்பேன். சந்தேகப்பட அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் இப்படிப் போனது. பதின்மூன்றாம் நாள் மகள் பேசினாள். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம், டாக்டர் முன்னாலேயே எடுத்துவிடலாம் என்கிறாராம். "சித்தி எப்பம்மா வராங்க?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நிரப்பியது எல்லாம் போயிருந்தது. தங்கச்சி வீட்டுக்கு ஓடி, ஏதோ பிழை காட்டுகிறது என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை வாங்கி, அவள் சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து மறுபடி நிரப்பி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் அனுமதி வந்துவிட்டது. கிடைத்த முதல் டிக்கெட் மூன்று நாள் தள்ளி இருந்தது.

அவள் நியூஜெர்சியில் இறங்குவதற்கு ஒன்றரை நாள் முன்னால் பேத்தி பிறந்துவிட்டாள். மாப்பிள்ளை படிவங்களில் கையெழுத்துப் போட வெளியே போயிருந்த நேரத்தில் என் பெண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். கையைப் பிடிக்க ஆளே இல்லை. பக்கத்தில் இருந்த நர்ஸிடம் தமிழிலேயே ஏதோ பேசிக்கொண்டிருந்தாளாம். அதை அவளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கச்சி வீடியோவில் வந்தாள். விமானத்தில் கட்டிய புடவையைக்கூட மாற்றவில்லை, முகம் அழுது வீங்கியிருந்தது.

"அக்கா, என்னை மன்னிச்சிடு. நான்தான் லேட் பண்ணிட்டேன். அந்தப் பேப்பரு வர்றதுக்கு முன்னாடியே ஏதாவது பண்ணி வந்திருக்கணும். புள்ள தனியா கெடந்திருக்கு."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்குப் பின்னால் கட்டிலில் என் மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தது தெரிந்தது.

"விடு, உன் மேல என்ன தப்பு" என்றேன். பெரிய மனசோடு சொல்வது போலச் சொன்னேன். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ ரொம்ப நல்லவக்கா" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில், குழந்தையை முதலில் வாங்கியது இவள் இல்லை என்று நிம்மதியாகத்தான் இருந்தது.