மேல் நோக்கி விழுகிறவர்கள்

எங்கள் லிஃப்ட் கம்பெனியில் அவனுக்குப் பெயர் மேலோகம். வைத்தது நான்தான். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் மொட்டை மாடிக்கும் மேலே இருக்கிற மோட்டார் அறையில்தான் எங்களுக்கு வேலை. இவனுக்கோ அதற்கும் மேலே ஒரு உலகம் தேவைப்பட்டது. கையில் ஸ்பானரைப் பிடித்தபடியே அதைக் கட்டிக்கொண்டிருந்தான். செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை, வாய் ஒன்றுதான் முதலீடு.

அந்த உலகத்தில் தேவதைகள் உண்டு. அவர்கள் விழுவார்கள். ஆனால் கெட்ட குணத்தால் யாரும் விழக்கூடாது என்பது மேலோகத்தின் சட்டம். கெட்டவன் ஏற்கெனவே தரையில் கிடக்கிறான், அவன் எங்கே விழப்போகிறான் என்பான். நல்ல குணம் முற்றி அழுகிப்போய்த்தான் விழ வேண்டும். உண்மைத் தேவதை ஒருத்தி, உண்மையைச் சொல்லிச் சொல்லி ஊரையே அழவைத்துவிட்டு விழுந்தாள். பொறுமைத் தேவதை ஒருவன், பக்கத்து வீடு பற்றி எரியும்போதும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்து விழுந்தான். அவனுக்கு மட்டும் என்னை மாதிரியே வழுக்கையும் தொப்பையும் எப்படி வந்தது என்று கேட்டேன்.

"தற்செயலா அமைஞ்சதுண்ணே" என்றான்.

இன்னொரு சட்டமும் உண்டு. இவன் தேவதைகள் கீழே விழ மாட்டார்கள், மேலே விழுவார்கள். லிஃப்டில் வேலை பார்க்கிறவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். ஆள் ஏறும் கூண்டுக்கு ஈடாகக் கயிற்றின் மறுமுனையில் இரும்புப் பாளங்களை அடுக்கித் தொங்கவிட்டிருப்போம். கூண்டு காலியாக இருக்கும்போது பிரேக் விட்டுப்போனால் பாளம் கீழே இறங்கும், கூண்டு மேலே பாயும்.

"பாத்தியாண்ணே, உள்ள ஒண்ணும் இல்லாதவன்தான் மேல போவான். உசந்துக்கிட்டே போறோம்னு நெனப்பான். கூரையில இடிச்சாத்தான் விழுந்ததே தெரியும்."

மேலோகம் குடியிருந்தது மனைவியின் அக்கா வீட்டு மாடியில். வாடகை கிடையாது. தாயில்லாத தங்கையை வளர்த்து, கட்டிக்கொடுத்து, தலைக்கு மேல் கூரையும் கொடுத்தவள் அந்தப் பெரியக்கா. கேட்காமலே கொடுப்பாள். கொடுத்துவிட்டு மறுநாள் வந்து பார்ப்பாள். கொடுத்த மேசை எந்தச் சுவரோரம் நிற்கிறது, கொடுத்த திரைச்சீலையைத் துவைத்தார்களா என்று. மேலோகம் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பான். அந்தக் கடிப்பிலிருந்துதான் ஈகைத் தேவதை பிறந்தாள்.

ஒருநாள் மதியம் ஓர் அடுக்குமாடியில் லிஃப்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மா தனியாக மாட்டிக்கொண்டார் என்றார் காவலாளி. இந்த மாதிரி நேரத்தில் ஒருவர் இயந்திரத்தைப் பார்ப்போம், இன்னொருவர் இன்டர்காமில் ஓயாமல் பேச்சுக் கொடுப்போம். பேச்சு நின்றால் உள்ளே இருப்பவர்கள் பயந்துபோய்க் கதவை நெம்ப ஆரம்பித்துவிடுவார்கள். எங்கள் ஜோடியில் பேச்சு இலாகா மேலோகத்துடையது.

"அம்மா, பயப்படாதீங்க. கொஞ்ச நேரத்துல வெளிய வந்துடலாம். அதுக்குள்ள ஒரு கதை சொல்லட்டுமா?"

பழைய இன்டர்காம். வறுக்கிற சத்தம்தான் வந்தது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

"ஈகைத் தேவதைன்னு ஒருத்திம்மா. இருட்டுல கெடந்தவங்களுக்கு வீடு வீடா வெளக்கு குடுத்தா. நல்ல விஷயந்தானே? மறுநாள் வீடு வீடாப் போயி திரியச் சரிபண்ணினா. அதுக்கு மறுநாள் சாப்பிடறவன் பக்கத்துல நின்னு, யாரு வெளிச்சத்துல சாப்பிடறேன்னு கேட்டா."

"அப்புறம்?" என்றது இன்டர்காம்.

கேட்க ஆள் கிடைத்ததும் மேலோகத்துக்குத் தலைகால் புரியவில்லை. தேவதை படியேறினால் படிக்கட்டு முன்கூட்டியே நடுங்கும் என்றான். குரல் தண்ணீர் மோட்டார் மாதிரி, போட்டால் தெருவே எழுந்துவிடும் என்றான். குடுத்துக் குடுத்து உள்ளே காலியாகி, குடுத்த கணக்கெல்லாம் முதுகுக்குப் பின்னால் பாளமாகத் தொங்க, விர்ரென்று மேலே போய்க் கூரையில் இடித்தாள் என்றான். நான் பிரேக்கைக் கையால் தளர்த்திக்கொண்டே சிரித்தேன். ஓர் ஆள் கனம்தான் என்பதால் கூண்டு மெல்ல மேலே ஏறியது.

அப்போது இன்டர்காம் திடீரென்று தெளிவாகப் பேசியது.

"அவ குடுத்த வெளக்க வாங்கிட்டு, அந்த வெளிச்சத்துலயே உக்காந்து அவளக் கேலி பண்றானே ஒருத்தன், அவன் எந்தத் தேவதை?"

மேலோகம் திறந்த வாயை மூடவில்லை. "அண்ணே... எங்க பெரியக்காண்ணே."

கூண்டு மாடித்தளத்துக்குச் சமமானதும் பிரேக்கைப் பூட்டிவிட்டு இறங்கி ஓடினோம். கதவைத் திறந்தேன். தோழியைப் பார்க்க வந்தவளாம். பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சாயங்காலம் வீட்ல பேசிக்கலாம் மாப்பிள்ளை" என்றாள்.

வழக்கமாகத் தம்பி, வா, போ என்பவள். மாப்பிள்ளை என்று மரியாதை ஏறினால் தலையில் ஏதோ இறங்கப்போகிறது என்று அர்த்தம்.

"நீயும் வாண்ணே, வெளியாள் இருந்தா அடக்கிப் பேசுவாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனான். அவன் மனைவி வாசலிலேயே நின்றாள். செய்தி அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

"எனக்கு அம்மான்னா அவதான். அவ எங்கூடப் பேசறத நிறுத்துனான்னு வைங்க, உங்க தேவதைங்களோட நீங்களே தனியா குடித்தனம் பண்ணிக்கங்க."

சொல்லி முடிக்கும்முன் பெரியக்கா மாடி ஏறி வந்துவிட்டாள். வந்தவள் திரைச்சீலை ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

மேலோகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பாரு, நான் கேட்டதுக்குப் பதில் வந்துருச்சு" என்றாள் பெரியக்கா. "இதுதான் ரோஷத் தேவதை. குடுத்தா கசக்கும், ஏன்னு கேட்டா குத்தும். இதையும் உங்க கூரையில கொண்டுபோய் இடிங்க மாப்பிள்ளை."

"அப்படிப் போடுங்க" என்றேன், பொறுமைத் தேவதைக்குப் போன என் தொப்பை ஞாபகத்தில். யாரும் சிரிக்கவில்லை.

"தப்புதான்க்கா. மன்னிச்சுக்கங்க" என்றான் மேலோகம்.

"மன்னிக்கறது கெடக்கட்டும். அவளக் கூரையில இடிக்க விட்டீங்களே, அடிபட்டுச்சான்னு அந்த ஒலகத்துல ஒருத்தராவது கேட்டாங்களா?"

மேலோகத்திடம் அதற்குச் சட்டம் இல்லை. வேறு ஆள் மாதிரி மெதுவாகக் கேட்டான். "லிஃப்ட்ல ரொம்பப் பயந்துட்டீங்களாக்கா?"

"பயப்படாம? ஒரு குலுக்கு குலுக்கி நின்னுச்சு, வெளக்கும் போயிருச்சு. உசுரே என்கிட்ட இல்ல. உன் கொரலக் கேட்டதும்தான், அப்பாடா நம்ம தம்பி இருக்கான்னு வந்துச்சு. அப்புறம் நீ சொன்னதக் கேட்டேனா, பயம் போயி ஆத்திரம் வந்துருச்சு. ஆத்திரத்துலயே நின்னு சமாளிச்சேன்."

தங்கை பக்கத்தில் போய் ஒட்டி உட்கார்ந்தாள். "சொல்லவே இல்லியேக்கா."

"யாருடி கேட்டா?"

மேலோகம் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் குடித்து முடிக்கும்வரை குனிந்தே நின்றான். "இப்ப எப்படி இருக்குக்கா?"

"முட்டி இன்னும் உதறுது. ஏறி வந்துட்டேன், எறங்கத்தான் தைரியம் இல்ல. கையக் குடு."

அவன் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிக்கொண்டு போனான். மாடியில் நானும் அவன் மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். வேறு வீட்டுப் பேச்சு அடிபடவில்லை. பாதிப் படியில் பெரியக்கா குரல்தான் கேட்டது.

"மெதுவாடா தம்பி. எனக்கென்ன றெக்கையா இருக்கு?"