வெள்ளையாகப் பூத்த கொன்றை

வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடையின் பின்கதவால் வெளியேறி, கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு காலி வீதியில் நடந்துகொண்டிருந்தேன். முதலாளியின் உறவுப் பொடியன் ஊரிலிருந்து வந்துவிட்டான். என் வேலையும் நான் படுத்த இடமும் அவனுக்கு வேண்டியிருந்தன. "குறை நினையாதை மச்சான்" என்று அவனே என் பையைத் தூக்கித் தந்தான். கொழும்பில் எனக்குப் பிடிபடாத முதல் விஷயம் இந்த மச்சான்தான். ஊரில் மச்சான் என்றால் அக்காவைக் கட்டியவன், அல்லது மாமன் மகன். சண்டை பிடிக்கவும் சோறு கேட்கவும் உரிமையுள்ளவன். இங்கே பஸ் கொண்டக்டரும் மச்சான், காலை மிதித்தவனும் மச்சான். மூன்று மாதத்தில் எனக்கு நூறு மச்சான்மார் சேர்ந்திருந்தார்கள். அன்றைக்குப் படுக்க ஒரு பாய் இல்லை. சின்னம்மாவைக் கண்டுபிடிக்காவிட்டால் மறுநாள் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேற வேண்டியதுதான்.

பையில் அவவின் படம் இருந்தது. தாதி படிக்கக் கொழும்புக்கு வந்த சின்னம்மா, கொட்டாஞ்சேனையில் துறைமுகத் தொழிலாளி ஒருவரை விரும்பி, வேதக்கோயிலில் மோதிரம் மாற்றிக் கலியாணம் முடித்து ஊருக்கு அனுப்பிய படம். எங்கள் வீட்டிலிருந்து அதற்குப் பதில் போகவில்லை. அவருடைய பெயரை யாரும் வாயால் சொன்னதுமில்லை. அம்மா படத்தை நடுவால் மடித்துச் சேலைகளுக்குக் கீழே வைத்திருந்தா. மடிப்பின் மேற்பக்கம் சின்னம்மாவும், பின்னால் பூத்துக் குலுங்கும் ஒரு வெள்ளைப் பூ மரமும். பின்பக்கம் அவர். நான் வெளிக்கிட்ட அன்று மடித்தபடியே கையில் தந்தா. விலாசம் இல்லை. ஊரில் தகப்பன் பெயரைச் சொன்னால் படலை வரை கொண்டுபோய் விடுவார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குக் கொட்டாஞ்சேனையும் அப்படித்தான் தோன்றியது.

அங்கே எல்லாரும் வீட்டு இலக்கம் கேட்டார்கள். ஊரில் சின்னம்மாவைக் கூப்பிடும் பெயரை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. மிஞ்சியது மரம்தான். சோடா விற்ற சிங்களப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த பத்துச் சொல்லையும் கூட்டி வெள்ளைப் பூ மரம் என்றேன். பன்சலையில் புத்தருக்கு வைக்கப் பூ வாங்க வந்தவன் என்று எண்ணி, அவ அன்போடு பூக்கடைக்கு வழி காட்டினா. ஒரே ஒழுங்கையால் இரண்டு முறை போய்த் திரும்பினேன். பிறகு முனைத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். படத்தை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, என்ட தாடி என்ன நெறம்?"

மருதாணி போட்ட தாடி. "சிவப்பு" என்றேன்.

"ஹஜ்ஜுக்குப் போக எடுத்த படத்துல இது வெள்ள. படம் புடிக்கிறவன் நெறத்த எல்லாம் அவன்ட ஊட்டுலயே வச்சிக்கிடுவான். அந்த மரத்துக்குக் கீழால ரெண்டு தரம் போனீங்களே. தலையத் தடவிப் பாருங்க."

தடவினேன். கையில் மஞ்சள் இதழ்கள். கொன்றை. ஊர்க் கோயிலடியில் ஏறி விளையாடிய மரம். வெள்ளையைத் தேடிய கண்ணுக்கு அது தெரியவே இல்லை.

மரத்தடி வீட்டுக் கதவைத் திறந்தவவுக்கு அம்மாவின் நெற்றி. நான் படத்தை நீட்டினேன். அவ மடிப்பை விரித்தா. விரல் அந்தக் கோட்டில் நின்றுவிட்டது.

"இதை ஆர் மடிச்சது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பாய் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்னேன். "அம்மாதான். பாட்டா அவரின்ரை பக்கத்தைக் கிழிச்செறியச் சொன்னவராம். அம்மா கிழிக்கேல்லை. மடிச்சு வைச்சவ."

உள்ளேயிருந்து வந்த மனிதர் சின்னம்மாவின் தோளுக்கு மேலால் படத்தை எட்டிப் பார்த்தார். "பதினெட்டு வருசமா முதுகு நோவுது, டொக்டர்மாருக்கும் வெளங்கல. இப்பதானே தெரியுது, என்னை மடிச்சு வச்சிருக்காங்க!"

"பகிடியை விட்டுப்போட்டுப் பிள்ளைக்குத் தண்ணி எடுங்கோ" என்றா சின்னம்மா. பிறகு என்னிடம், "கையைக் கழுவு, சாப்பிடுவம்."

படத்தை வேதப் புத்தகத்துக்குக் கீழே நீட்டி வைத்தா. விடிய எடுத்தபோது பாதி நிமிர்ந்தும் பாதி மடிந்தும் எழும்பி நின்றது.

அந்தக் காலையிலேயே சித்தப்பா என்னைத் துறைமுகத்துக்கு அருகே ஓர் அரிசிக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனார். வாசலில் பதிவுப் புத்தகத்தோடு இருந்த கிளாக்கர் சிங்களத்தில் எந்த ஊர் என்று கேட்டார். நான் என் ஊரைச் சொன்னேன். அதே நேரம் சித்தப்பா "கொட்டாஞ்சேனை, நம்ம மகன்" என்றார். இரண்டில் எதை எழுதினாரோ, நான் எட்டிப் பார்க்கவில்லை. கிழிந்த சாக்குகளைத் தைக்கும் வேலை. முதல் சாக்கின் மேல் குனிந்தபோது தலையிலிருந்து ஒரு மஞ்சள் இதழ் கிழிசலுக்குள் விழுந்தது. எடுக்கப் போனேன். சாக்கின் முதுகில், போகும் இடம் யாழ்ப்பாணம் என்று மையால் எழுதியிருந்தது. இதழை உள்ளேயே விட்டுத் தைத்தேன்.