லேசா விடிஞ்ச நேரம்

துபாசி அண்ணாச்சி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. வேலை நேரத்தில் அவரை வெறுந்தலையோடு யாரும் பார்த்ததில்லை. உள்ளே ஜட்ஜ் துரை அப்போதுதான் ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு வாசித்து முடித்திருந்தார். தீவாந்தர சிட்சை, ஆயுசுக்கும் அந்தமான். குற்றவாளியைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். அவன் பெண்சாதி மண்ணை வாரித் தூற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அண்ணாச்சியின் கழுத்தெல்லாம் வேர்வை. "என்ன அண்ணாச்சி, மேலுக்கு முடியலையா?" என்று கேட்டேன். "ஒரு சொல்லைத் தொலைச்சிட்டேன் வே" என்றார்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. நான் திருநெல்வேலி ஜில்லா கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. அவர் அங்கே மொழிபெயர்ப்பாளர். சாட்சிகள் தமிழில் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷிலும், துரை கேட்பதைச் சாட்சிகளுக்குத் தமிழிலும் சொல்லவேண்டும். கிராமத்து ஜனங்கள் பழைய வழக்கப்படி அவரைத் துபாசி என்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சாட்சி அழுதால்கூட அந்த அழுகைக்கு எத்தனை இடைவெளி விட்டுப் பேசவேண்டும் என்று தெரிந்தவர். அவர் வாயால் ஒரு சொல் கூடியது, குறைந்தது என்று எந்த வக்கீலும் எழுந்து சொன்னதில்லை.

வழக்கு இதுதான். சேரன்மகாதேவிக்கு மேற்கே கால்வாய்க்கரையில் ஒரு ஊர். பிசான நெல் பயிராகும் பருவத்தில் தண்ணீர் குறைந்துபோய், எந்த வயலுக்கு எப்போது பாய்வது என்று தகராறு. மடையைக் காவல் காத்தவனை ஒருநாள் விடியற்காலம் யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள். அவனுக்குக் கஞ்சி கொண்டுபோன பெண்சாதி, அரிவாளோடு ஒருவன் வரப்பில் போவதைக் கண்டாள். பக்கத்து வீட்டுக்காரன்தான் என்று அடையாளம் சொன்னாள். அவளைவிட்டால் வேறு சாட்சி கிடையாது. அப்போது வெளிச்சம் எப்படி இருந்தது என்று துரை கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்து, "லேசா விடிஞ்சிருந்துது" என்றாள். அண்ணாச்சி திரும்பி, "இட் வாஸ் லைட்" என்றார். துரை எழுதிக்கொண்டார்.

தீர்ப்பில் அந்த ஒரு சொல் வளர்ந்துவிட்டது. நல்ல பகல் வெளிச்சத்தில், தெரிந்த முகத்தை, நேருக்கு நேர் பார்த்த சாட்சி என்று துரை வாசித்தார். அதைக் கேட்டபோதுதான் அண்ணாச்சிக்குத் தான் செய்தது உறைத்திருக்கிறது.

அன்று சாயங்காலம் குறுக்குத்துறைப் படித்துறையில் குளிக்க இறங்காமல் உட்கார்ந்தபடியே என்னிடம் சொன்னார். "லேசுன்னா லைட்டு. விடிஞ்சிட்டுன்னாலும் லைட்டு. அவ ரெண்டையும் சேர்த்துச் சொன்னா. என் வாயில ரெண்டு லைட்டு வந்து நின்னுது. லைட்லி லைட்டுன்னு எவன் சொல்லுதான்? நாக்கு ஒண்ண விழுங்கிட்டு வே. விழுங்கினது அந்தச் சின்னச் சொல்லை."

இரண்டொரு நாளில் வக்கீல் ஒருவரிடம் பெரிய அகராதி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்திருக்கிறார். அதே படித்துறையில் அதையும் சொன்னார். வெளிச்சம் என்ற பொருளில் வரும் லைட்டும், கனமில்லாதது என்ற பொருளில் வரும் லைட்டும் ஒரே சொல் அல்லவாம். முன்னது வெண்மை, சுடர் என்கிற பொருளுள்ள பழைய வேரில் பிறந்தது. பின்னது வேறு குடும்பம். அந்தக் குடும்பத்தில்தான் நுரையீரலுக்கான இங்கிலீஷ் சொல்லும் பிறந்ததாம், உடம்புக்குள் எடையில்லாமல் கிடக்கிற உறுப்பு அது என்பதால். எங்கெங்கோ பிறந்த இரண்டு சொல், தேய்ந்து தேய்ந்து ஒரே சத்தமாகிவிட்டன. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இல்லை. "நம்ம பாஷையில மட்டும் என்ன? ஒளின்னா வெளிச்சம். ஒளின்னா பதுங்கிக்கோன்னும் அர்த்தம். நான் இப்ப ரெண்டாவதத்தான் செஞ்சிட்டிருக்கேன்" என்றார்.

தீர்ப்பு முடிந்துவிட்டது, பேசாமல் இருங்கள் என்று சொன்னேன். அவருக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். அவர், "ஜெயில்ல இருக்கவன் ராத்திரி சாப்பிடுதானோ என்னமோ. எனக்குச் சோறு இறங்க மாட்டேங்கு" என்றார்.

மறுநாள் துரையின் அறைக்குள் போய்ச் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்ட தீர்ப்பைத் தன்னாலும் மாற்றமுடியாது, வேண்டுமானால் மெட்ராஸ் ஹைக்கோர்ட்டுக்குச் சொல்லிக்கொள் என்று துரை சொல்லி அனுப்பினாராம். குற்றவாளியின் வக்கீலிடம் அண்ணாச்சி சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கோர்ட்டில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. குற்றவாளிச் சாதிக்காரர்கள் அவர் வீட்டில் வண்டி வண்டியாக நெல் இறக்கிவிட்டார்கள் என்று பேச்சு. சம்பள உயர்வு நின்றது. பெரிய பெண்ணுக்குப் பேசிவைத்திருந்த இடத்தில் பின்வாங்கினார்கள். ஆனால் அவர் முகம் தெளிந்திருந்தது. சாப்பாட்டு வேளையில் என்னோடு உட்கார்ந்து பழையபடி பேசினார்.

அப்பீலில் அவன் விடுதலையானான். அந்த அரைகுறை வெளிச்சத்தில் முகம் தெரிந்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்று மெட்ராஸில் முடிவு செய்தார்கள். செய்தி வந்த அன்று அண்ணாச்சி நெல்லையப்பர் கோயிலுக்குப் போய்விட்டு வந்து எனக்கு விபூதி தந்தார்.

செத்துப்போன மடைக்காவலனின் பெண்சாதி சில வாரம் கழித்து வந்தாள். வராந்தாத் தூண் ஓரமாக வெகுநேரம் நின்றிருக்கிறாள். அண்ணாச்சியும் நானும் வெளியே வந்தபோது முன்னால் வந்தாள். சண்டைக்கு வந்தவள் மாதிரித் தெரியவில்லை. எதையோ விளங்கிக்கொள்ள வந்தவள் போல இருந்தாள்.

"ஐயா, நான் சொன்னதத்தான நீங்க தொரைகிட்டச் சொன்னிய?"

"மொதல்ல தப்பாச் சொல்லிட்டேன் தாயீ. பொறவு நானே போய்த் திருத்தினேன். லேசா விடிஞ்சிருந்துதுன்னுதான் நீ சொன்னே."

"ஆமா. அதான நெசம்."

"அந்த வெளிச்சத்துல மொகம் தெரியாதுன்னு மெட்ராஸ்ல அவன விட்டுட்டாங்க."

அவள் அவரையே பார்த்தாள். "மொகத்தப் பார்த்தா கண்டேன்? இருமிக்கிட்டே போனாம்லா. செவுத்துக்கு அந்தப் பக்கம் ராவும் பகலும் கேக்க இருமல். கண்ணக் கட்டிவிட்டாலும் சொல்லுவேனே, அவன்தான்னு."

"இத ஏன் தாயீ அன்னைக்குச் சொல்லல?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்னு நீங்கதானய்யா சொன்னிய. வெளிச்சத்தப் பத்தித்தான கேட்டாவ."

அவள் சொன்னது உண்மை. கூண்டில் ஏறும் ஒவ்வொரு சாட்சியிடமும் அவர் அதைச் சொல்வார். சொல்லவேண்டும் என்பது துரையின் உத்தரவு. ஒருமுறை விடுதலை செய்தவனை மறுபடி அதே கொலைக்காகக் கூண்டில் ஏற்றமுடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது. இதை இப்போது சொன்னால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அண்ணாச்சிதான் அதற்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னார். பிறகு, பட்டப்பகலில், வக்கீல்களும் கட்சிக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பதறி, "ஐயோ, என்னய்யா இது" என்று விலகிப் போனாள். அந்த இருமலுக்குச் சொந்தக்காரன் இன்னும் அவள் பக்கத்து வீட்டில்தான் இருந்தான். அவள் திரும்பிப் போகவேண்டிய வீடும் அதுதான்.

உங்களால் ஒரு நிரபராதி ஜெயிலுக்குப் போகவில்லை என்று தெரிந்தது ஆறுதல்தானே என்று அண்ணாச்சியிடம் பிறகொரு நாள் சொல்லிப் பார்த்தேன். "அவ லேசான்னு உண்மையச் சொன்னா. நல்லா விடிஞ்சிட்டுன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பா. அவ உண்மைய நான் ஒருதரம் தொலைச்சேன். திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்தேன். ரெண்டுதரமும் சேதம் யாருக்கோதான் வே" என்றார்.

அந்தக் கோடையிலேயே எழுதிக் கொடுத்து, குறைந்த சம்பளத்தில் ரிக்கார்டு அறைக்கு மாறிப்போனார். அவர் இடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். கெட்டிக்காரர், நல்ல குரல். வந்த முதல் நாள், கூண்டில் ஏறிய ஒரு கிழவனைப் பார்த்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்று அவர் கணீரென்று சொன்னதை நகல் எழுதும் மேஜையிலிருந்து கேட்டேன். கிழவன் எதையோ சொல்ல வாயெடுத்தவன், சரி என்று தலையாட்டி மூடிக்கொண்டான். நான் பேனாவை மையில் தொட்டு எழுதத் தொடங்கினேன்.